ஆலையோடும் ஊரோடும் சேர்ந்து ஆராய்ச்சி: சேலம் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஆராய்ச்சிக் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது. ஆத்தூர்ப் பக்கம் போனால் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள், அம்மாப்பேட்டையில் தறிகள், ஊருக்கு ஒரு புறம் உருக்காலை, இன்னொரு புறம் மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் குன்றுகள். மலை ஏறினால் ஏற்காட்டில் காப்பியும் மிளகும். ஆராய்ச்சி செய்ய வேண்டியவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம், 1966-இல் வந்த அரசுப் பொறியியல் கல்லூரி, 1960-இலிருந்து இயங்கும் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம், ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். எல்லாமே ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்துக்குள்.

அப்படியிருந்தும் பெரும்பாலான புராஜெக்ட் அறிக்கைகள் துறை அலமாரியிலேயே தூங்குகின்றன. தலைப்பை ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டு, கடைசியில் ஓர் ஆலையிடம் லெட்டர்ஹெட் கடிதம் வாங்கி இணைப்பதைக் 'கூட்டு ஆராய்ச்சி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கேள்வி அவர்களிடமிருந்து வர வேண்டும், வேலை அவர்களுடைய பருவத்தில் நடக்க வேண்டும், முடிவு முதலில் அவர்கள் கைக்குப் போக வேண்டும். இந்த மூன்றும் நடக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் எழுதியது என்றாலும், கல்லூரிக்காரர்கள் கதவைத் தட்டினால் என்ன கேட்க வேண்டும் என்று ஆலைக்காரர்களும் சுயஉதவிக் குழுவினரும் தெரிந்துகொள்ளவும் உதவும்.

முதல் படி: கேள்வியைத் தேடிப் போவது

கையில் தலைப்போடு போகாதீர்கள். நோட்டுப் புத்தகம் மட்டும் போதும்.

ஒரு சேகோ ஆலையை எடுத்துக்கொள்வோம். கிழங்கு வந்திறங்குவது, தோல் நீக்குவது, கழுவுவது, அரவை, சல்லடை, மாவுப்பால் தொட்டியில் மாவு படிவது, குருணை கட்டுவது, வறுப்பது, களத்தில் காயப்போடுவது என்று வரிசை நீளும். முதலாளியின் அறையில் உட்கார்ந்து பேசினால் மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை, மக்காச்சோள மாவுக் கலப்படத்தால் கெட்டுப்போன விலை இவையெல்லாம் வரும். எல்லாம் உண்மைதான், ஆனால் ஒரு மாணவர் ஒரு பருவத்தில் தொடக்கூடிய கேள்வி அதில் அரிதாகவே கிடைக்கும். அப்புறம் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மேஸ்திரியிடம் பேசிப் பாருங்கள். எந்தத் தண்ணீருக்கு மாவு சீக்கிரம் படிகிறது, எந்த நாள் திப்பியோடு (அரைத்துச் சலித்தபின் மிஞ்சும் சக்கையோடு) மாவு அதிகம் போய்விடுகிறது என்று அவர் சொல்வது ஒவ்வொன்றும் அளந்து பார்க்கக்கூடிய கேள்வி.

ஆலை வாசலில் லோடு இறக்க நிற்கும் விவசாயியிடம் பேசினால் வேறு ஒரு விஷயம் வரும்: பாயிண்ட். மரவள்ளிக் கிழங்குக்கு விலை வெறும் எடைக்கு இல்லை, மாவுச்சத்துக்கு. மாவுச்சத்து கூடக் கூடக் கிழங்கின் அடர்த்தி கூடும், தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுத்தால் எடை அதிகம் காட்டும். அந்த அளவைத்தான் பாயிண்ட் என்கிறார்கள், ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசுகிறார்கள். லோடிலிருந்து எந்தக் கிழங்கை எடுத்து நிறுக்கிறார்கள், மண் ஒட்டியிருந்ததா, தராசு சரியா என்பதில் ஆண்டுதோறும் மனக்கசப்பு. விவசாயி பாயிண்ட்டைக் குறைத்துப் போடுகிறார்கள் என்பார், ஆலைக்காரர் காயவைத்த கிழங்கையும் முற்றாத கிழங்கையும் கலந்து கொண்டுவருகிறார்கள் என்பார்.

இங்கே ஓர் அருமையான கேள்வி இருக்கிறது. ஒரே கிழங்கை மூன்று பேர், இரண்டு தராசில், ஒருவர் அளவு இன்னொருவருக்குத் தெரியாமல் நிறுத்தால் பாயிண்ட் எவ்வளவு மாறுகிறது? அந்த வித்தியாசத்தில் கிழங்கின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு? புள்ளியியல் மாணவர், இயற்பியல் மாணவர், உணவுத் தொழில்நுட்ப மாணவர் மூன்று பேருக்கும் இதில் வேலை உண்டு. பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. முடிவு இரண்டு தரப்புக்கும் நாளைக்கே பயன்படும்.

நல்ல கேள்வியைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்: விடை கிடைத்தால் யார் எந்த வேலையை மாற்றிச் செய்வார்கள் என்று உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு முறை போய் வாருங்கள்.

இரண்டாம் படி: யாரோடு கைகோப்பது

ஓர் ஆலை, ஒரு கல்லூரி என்றால் எளிது. ஆனால் பாயிண்ட் மாதிரியான கேள்வியில் ஆலையோடு மட்டும் சேர்ந்தால் விவசாயி முடிவை நம்ப மாட்டார், விவசாயிகள் சங்கத்தோடு மட்டும் சேர்ந்தால் ஆலை கதவைத் திறக்காது. இரண்டு பேரும் ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருக்க வேண்டும், அளக்கும் முறையை இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். சேலத்தில் 1981-இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் ஜவ்வரிசி விற்பனையை நடத்துகிறது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்கியதும் அதுதான். தொழில் முழுவதையும் தொடும் கேள்வி என்றால் தனி ஆலையைவிட இப்படிப்பட்ட அமைப்பிடம் போவது நல்லது. கொலுசுத் தொழிலில் நிலைமை வேறு. வீட்டுக்கு வீடு சிறு பட்டறைகள். கம்பி இழுப்பது ஒரு வீட்டில், பற்றவைப்பது இன்னொரு வீட்டில், மெருகு வேறிடத்தில். அங்கே சங்கத் தலைவரிடம் சம்மதம் வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது, ஒவ்வொரு பட்டறையிலும் தனியாகப் பேச வேண்டும்.

ஏற்காட்டு மலைக்கிராமங்களில் யார் பேசுகிறார்கள் என்பதில் இன்னும் கவனம் தேவை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு, ஊராட்சித் தலைவர் உண்டு, மகளிர் குழு உண்டு, பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவு சங்கமும் உண்டு. முதலில் ஊர்க்கவுண்டரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வந்த விஷயத்தைச் சொல்வது மரியாதை. ஆனால் மிளகு பறிப்பது, காயவைப்பது, காப்பிப் பழத்தைத் தரம் பிரிப்பது போன்ற வேலைகளைச் செய்யும் பெண்களிடம் பேசாமல் திரும்பினால் உங்களுக்குப் பாதி விஷயம் தெரியாது. ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் அவர்கள் பேசாமல் இருக்கலாம், அதனால் தனியாக, களத்திலோ குழுக் கூட்டத்திலோ பேசுங்கள். மாணவிகள் போனால் பேச்சு தானாக வரும்.

ஊர்க்காரர்களைப் 'பயனாளிகள்' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள் என்று நான் மாணவர்களிடம் கெஞ்சுவது உண்டு. அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் மரவள்ளி வயல்களுக்கும் பரவியது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது. 2022-இல் ஏத்தாப்பூர் நிலையத்தில் அதை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சியை அடக்கியதும் இதே குளவிதான். ஆனால் விஞ்ஞானிகள் குளவியை விட்டுவிட்டுப் போனால் மட்டும் போதாது. பூச்சியைக் கண்டு பதறி விவசாயி மருந்து அடித்தால் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். குளவி பெருகும்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தாக வேண்டும். கண்ணெதிரே பயிர் காயும்போது அப்படிப் பொறுப்பது சாதாரண விஷயமா? விவசாயியின் அந்தப் பொறுமை ஆராய்ச்சியின் ஓர் அங்கம். அவர் கூட்டாளி.

மூன்றாம் படி: ஒரு பக்கக் குறிப்பு

ஒப்பந்தத்துக்கு முன்னால், தமிழில், ஒரே ஒரு பக்கம். என்ன கண்டுபிடிக்கப் போகிறோம், எத்தனை முறை வருவோம், உங்கள் இடத்தில் எதைத் தொடுவோம், எதைத் தொட மாட்டோம், உங்களுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது. கடைசியாகச் சொன்னதை நேராக எழுதுங்கள். "இந்த ஆராய்ச்சியால் கடன் கிடைக்காது, அரசு மானியம் வராது, சாலை போடப்பட மாட்டாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் வருத்தம் வராது. கல்லூரி வண்டி வந்து நின்றாலே ஏதோ திட்டம் வருகிறது என்று எதிர்பார்ப்பது மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. அந்த எதிர்பார்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது பாவம்.

இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். திருத்தம் சொல்வார்கள், அங்கேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அவர்கள் காலண்டர்

கூட்டு ஆராய்ச்சி தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கல்லூரிக்குப் பருவத் தேர்வு, ஆலைக்குக் கிழங்குப் பருவம். முதுகலை மாணவர்களுக்குப் புராஜெக்ட் டிசம்பரில் தொடங்கும், தலைப்பு முடிவாக ஜனவரி, அனுமதி வாங்கப் பிப்ரவரி, கருவி வர மார்ச். அதற்குள் மரவள்ளிப் பருவம் ஓயத் தொடங்கியிருக்கும். மலையில் அராபிகா காப்பிப் பறிப்பு கார்த்திகையில் தொடங்கித் தை வரை போகும், அதை ஒட்டி மிளகு.

ஆகவே பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மாதிரி எடுக்க வேண்டிய மாதம் எது? அதற்கு இரண்டு மாதம் முன்னால் எல்லாக் கையெழுத்தும் முடிந்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால் கேள்வி முடிவாகியிருக்க வேண்டும். கிழங்கு ஆராய்ச்சிக்கு ஆடியிலேயே ஆலைக்குப் போகத் தொடங்குவது நல்லது. ஒரு மாணவரின் ஒரு பருவத்துக்குள் அடங்காத வேலையை இரண்டு அணிக்குப் பிரித்துக்கொடுங்கள். முதல் அணி கேள்வியையும் முறையையும் சரிபார்க்கட்டும், அடுத்த ஆண்டு அணி முழு அளவில் அளக்கட்டும்.

போகக்கூடாத நாட்களும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கொலுசுப் பட்டறைக்காரருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வரும்போது மலைக்கிராமத்துக்குக் கேள்வித்தாளோடு போகக்கூடாது. சும்மா போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வரலாம், அது நல்லதும்கூட.

ஐந்தாம் படி: ஒப்பந்தம்

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற பெயரில் போட்டோ எடுத்து முகநூலில் போடும் காகிதத்தை நான் சொல்லவில்லை. அதில் பெரும்பாலும் "இரு தரப்பும் ஒத்துழைக்கும்" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. அந்தப் பொது ஒப்பந்தத்தின்கீழ், ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனியாக இரண்டு மூன்று பக்கத்தில் ஒன்று தேவை. சண்டை வரக்கூடிய இடங்கள் எல்லாவற்றையும் நட்பாக இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வெளியீடு. ஆலைக்குத் தன் ரகசியம் வெளியே போய்விடுமோ என்ற பயம், மாணவருக்குப் பட்டம் கிடைக்க ஆய்வேடு வெளிவந்தாக வேண்டும். வழி இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் வரைவை ஆலை குறிப்பிட்ட நாட்களுக்குள், முப்பது அல்லது நாற்பத்தைந்து நாள், படித்துப் பார்க்கலாம். தன் தொழில் ரகசியத்தை நீக்கச் சொல்லலாம். முடிவை மாற்றச் சொல்லவோ, ஆய்வேட்டைத் தடுக்கவோ முடியாது. இந்தக் கடைசி வரி இல்லாத ஒப்பந்தத்தில் எந்த மாணவரையும் சேர்க்காதீர்கள். பாயிண்ட் ஆராய்ச்சியில் ஓர் ஆலையின் தராசு தவறு என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். வெளியே போகும் அறிக்கையில் ஆலைகளுக்குப் பெயர் வேண்டாம், எண் போதும். அந்த ஆலைக்கு மட்டும் தனியாகச் சொல்லி, திருத்தக் கால அவகாசம் கொடுக்கலாம்.

அடுத்து காப்புரிமை. புதிய கருவி, புதிய முறை ஏதாவது வந்தால் யாருக்குச் சொந்தம்? கல்லூரி தனியாகக் கண்டுபிடித்தது கல்லூரிக்கு, ஆலை ஏற்கெனவே வைத்திருந்தது ஆலைக்கு, சேர்ந்து செய்தது இருவருக்கும் என்று பிரிப்பது வழக்கம். முக்கியமான விஷயம் வரிசை. கருத்தரங்கிலோ இதழிலோ வெளியிட்ட பிறகு விண்ணப்பித்தால் காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடும், சட்டம் தரும் விலக்குகள் மிகக் குறுகியவை. முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிட்டால் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும், அதற்குள் கட்டுரையும் எழுதலாம். 2021-இல் விதி திருத்தப்பட்டபின் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80% சலுகை உண்டு. பல கல்லூரிகளுக்கு இது தெரிவதேயில்லை.

ஊர் அறிவு சம்பந்தப்பட்டிருந்தால் இன்னும் ஒரு படி மேலே யோசிக்க வேண்டும். அகத்தியர் மலையின் காணிப் பழங்குடியினர் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைத் தின்று களைப்பைப் போக்கிக்கொள்வதை 1987-இல் அங்கே போன விஞ்ஞானிகள் பார்த்தார்கள். அதிலிருந்து கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் ஜீவனி என்ற மருந்து பிறந்தது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தபோது கிடைத்த 10 லட்சம் ரூபாயிலும், விற்பனையில் வரும் 2% பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. பணத்தைப் பெற 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. உலகமெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. பிறகு சிக்கல்களும் வந்தன. எல்லாக் காணிகளும் ஆரம்பத்தில் ஒப்புக்கொள்ளவில்லை, செடியை வனத்திலிருந்து எடுக்க வனத்துறை அனுமதி ஒரு தலைவலியாக ஆயிற்று. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பங்கு எவ்வளவு என்பதோடு, யார் கைக்கு, எந்த அமைப்பின் வழியாக, மூலப்பொருள் எங்கிருந்து என்பதையும் ஆரம்பத்திலேயே பேசி முடிக்க வேண்டும். ஏற்காட்டு மூலிகை, தேன், மலை நெல் எதைத் தொட்டாலும் இதே கதைதான்.

மீதி மூன்றும் சுருக்கமாக: தரவு யார் கணினியில் எத்தனை ஆண்டு இருக்கும், மாதிரிகளை என்ன செய்வது, ஒரு தரப்பு நடுவில் விலகினால் மாணவரின் வேலை எப்படி முடியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும்.

ஆறாம் படி: பணம்

சின்ன வேலைக்குச் சின்னப் பணம் போதும். பாயிண்ட் ஆராய்ச்சிக்குத் தராசு, பஸ் கட்டணம், ஆய்வகச் செலவு, அளக்க வருபவருக்கு நாள்கூலி. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்குச் சிறு தொகை தருகிறது. 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுத்து, ஊரின் தேவையை ஆய்வு செய்து, தொழில்நுட்ப உதவி செய்யலாம். உங்கள் கல்லூரி எந்தக் கிராமங்களை எடுத்திருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், பல ஆசிரியர்களுக்கே தெரியாது.

பெரிய கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள கம்பெனி தன் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். பொது நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்கு இதில் இடமுண்டு. ஆனால் கம்பெனியின் அன்றாடத் தொழில் வேலையை இந்தக் கணக்கில் எழுத முடியாது. ஆலை தன் சல்லடையை மேம்படுத்தக் கேட்டால் அது ஆலோசனைப் பணி, கட்டணம் வாங்குங்கள், ஜிஎஸ்டி பொருந்துமா என்று கல்லூரியின் ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆலைக் கழிவுநீரால் பாதிக்கப்பட்ட கிணறுகளைப் பற்றி ஊரோடு சேர்ந்து ஆராய்ச்சி என்றால் அது வேறு வழியில் வர வேண்டும். அந்த ஆராய்ச்சிக்கு அதே ஆலையிடம் பணம் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் ஊர் நம்பாது.

வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியை மறக்க வேண்டாம்: ஊர்க்காரரின் நேரம். பேராசிரியருக்குப் பயணப்படி உண்டு. ஒரு நாள் காட்டு வேலையை விட்டுவிட்டு உங்களோடு மலையில் நடந்து ஒவ்வொரு மிளகுக் கொடியையும் காட்டும் மனிதருக்கு அன்றைய கூலியாவது தர வேண்டும்.

ஏழாம் படி: அனுமதியும் சம்மதமும்

மனிதர்களிடம் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் முதலில் ஒப்புதல் வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் உடல்நலம் சார்ந்த ஆராய்ச்சிக்கு. கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும்போது எழும் புகையையும் தொழிலாளியின் மூச்சையும் பற்றி ஆராய்ந்தால் இது கட்டாயம் வேண்டும். அங்கே இன்னொரு பொறுப்பும் சேர்கிறது: ஒருவருக்கு நுரையீரல் பாதிப்பு தெரிந்தால் அவரை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவோம் என்று முதலிலேயே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு எழுதிக்கொண்டு மட்டும் வருவது ஆராய்ச்சி ஆகாது.

மலைக்கிராமங்களில் பலருக்குக் காகிதத்தில் கையெழுத்து என்றாலே தயக்கம். நிலம், கடன் என்று அதற்கு ஆயிரம் காரணம். வற்புறுத்தாதீர்கள். சாட்சியை வைத்துக்கொண்டு வாய்மொழியாகச் சம்மதம் பெற்றுக் குறித்துக்கொள்ளும் வழியை நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வனப்பகுதிக்குள் போய் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி தேவை. உயிரின வளத்தை வணிகத்துக்கு எடுத்துச் செல்வதாலோ காப்புரிமை கேட்பதாலோ 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் உள்ளே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது, கடிதம் எழுதிக் கேட்கலாம்.

எட்டாம் படி: களத்தில்

பாயிண்ட் ஆராய்ச்சியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். காலையில் லோடு வந்ததும் மேலே ஒரு இடத்தில், நடுவில் ஓர் இடத்தில், அடியில் ஓர் இடத்தில் என்று கிழங்கு எடுக்க வேண்டும். மேலே கிடப்பதை மட்டும் எடுத்தால் வெயிலில் காய்ந்தது மட்டும் வரும். மண்ணைக் கழுவி, துடைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் எண் கட்டிவிடுங்கள். ஆலையின் ஆள் ஒருவர், விவசாயிகள் சார்பில் ஒருவர், மாணவர் ஒருவர். மூவரும் தனித்தனியாக நிறுத்துச் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். எண்ணை மாற்றிக்கட்டி அதே குவியலை மறுபடி ஒருமுறை கொடுங்கள். அதில்தான் ஒரே ஆள் தன்னோடு தானே எவ்வளவு மாறுபடுகிறார் என்று தெரியும். தண்ணீரில் மண் கலங்கினால் மாற்றுங்கள், வெப்பநிலையைக் குறியுங்கள். ஒவ்வொரு குவியலிலிருந்தும் சில கிழங்குகள் அன்றே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பறித்த இரண்டு மூன்று நாளில் மரவள்ளிக் கிழங்கு உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்கிவிடும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வாரத்து வேலை வீண்.

பெட்டியை எல்லோர் முன்னாலும் திறந்து படியுங்கள். ஆலையின் ஆளும் விவசாயியும் ஒரே குவியலுக்கு வெவ்வேறு எண்ணை எழுதியிருப்பதை அவர்களே பார்க்கும்போது, யார் ஏமாற்றினார் என்ற பேச்சு எப்படி அளப்பது என்ற பேச்சாக மாறத் தொடங்கும். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இரண்டு தரப்பையும் சேர்க்கச் சொன்னேன்.

மலையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மழை, பனிமூட்டம், காட்டெருமை. மாலை நான்கு மணிக்கு மேல் மாணவர்களைத் தோட்டத்தில் நிறுத்தாதீர்கள். ஊர்க்காரர் போகாதே என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒருமுறை, வேலையின் பாதியில், கூட்டாளிகளை உட்காரவைத்து இதுவரை தெரிந்ததைச் சொல்லுங்கள். தவறான திசையில் போனால் அவர்கள்தான் சொல்வார்கள்.

ஒன்பதாம் படி: முடிவு யாருக்கு முதலில்

வாய்மொழித் தேர்வுக்கு முன்பே ஊருக்கும் ஆலைக்கும் சொல்லிவிட வேண்டும். நம் கிராமசபைகள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றன. ஊராட்சித் தலைவரிடம் முன்பே பேசி அதில் கால் மணி நேரம் வாங்கிக்கொள்ளலாம். மின்திரை வேண்டாம், ஒரு தாள் போதும். எங்கள் மிளகு ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்று கேட்டவர்களுக்கு, எத்தனை நாள் வெயிலில் காய வேண்டும், ஈரம் எவ்வளவு குறைய வேண்டும், தார்ப்பாயில் போட்டால் என்ன, சிமெண்டுக் களத்தில் போட்டால் என்ன என்பதுதான் வேண்டும். உங்கள் வரைபடத்தைக் காட்டுங்கள், ஆனால் அதை ஒரு செயலாக மாற்றிச் சொல்லுங்கள். முடிவு அவர்களுக்குச் சாதகமாக இல்லையென்றாலும் சொல்ல வேண்டும், இன்னும் கவனமாக.

கட்டுரையில் பெயர் போடும்போது, முறையை வடிவமைப்பதில் உண்மையிலேயே பங்கெடுத்த மேஸ்திரியோ விவசாயியோ இருந்தால், அவர் சம்மதத்தோடு ஆசிரியர் வரிசையில் சேர்க்கலாம். குறைந்தபட்சம் நன்றிப் பகுதியில் ஊரின் பெயராவது வரட்டும்.

கடைசிப் படி: விட்டுவிட்டு வருவது

பக்கத்து மாவட்டத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களுக்காகப் பல ஆண்டு வேலை செய்தது. அங்கே சாமையும் தினையும் குறைந்துபோனதற்கு ஒரு காரணம் நம் சேலத்துச் சேகோ ஆலைகள் வாங்கிய மரவள்ளி. இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருந்தது: சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்கு முதுகு ஒடியும் வேலை. விதை வங்கியோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களும் ஊருக்குள் வந்தன, அவற்றை மகளிர் குழுக்கள் நடத்தின. இயந்திரத்தை யார் நடத்துவார், பெல்ட் அறுந்தால் யார் வாங்குவார் என்று ஊருக்குள்ளேயே பதில் இருந்ததால்தான் அப்படிப்பட்ட வேலை நிற்கிறது.

உங்கள் புராஜெக்ட் முடியும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். தராசு யாரிடம் இருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சரிபார்ப்பவர் யார், பழுதானால் சேலத்தில் எந்தக் கடையில் சரிசெய்யலாம். இவற்றையும், முக்கியமானவர்களின் பட்டியலையும், எந்த மாதத்தில் போக வேண்டும் என்பதையும், இந்த முறை கிடைக்காத விடைகளையும் ஒரு நோட்டில் எழுதி, ஆடி பிறப்பதற்குள் அடுத்த அணி மாணவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும் நாளில் அவர்களையும் கூட்டிக்கொண்டு ஆலைக்கு ஒருமுறை போய் மேஸ்திரியிடம் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.